திருகு அளவி தெரிந்தால் சிஎன்சி தெரியும்!



இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் பிடிக்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். தலையை ஒரு முழுச்சுற்று சுற்றினால் முனை 1 மி.மீ. நகரும். தலைக்கோலில் 100 பிரிவுகள். அதனால் ஒரு பிரிவுக்கு 0.01 மி.மீ. இதைத்தான் மீச்சிற்றளவு என்று எழுதி மார்க் வாங்குகிறோம்.

இப்போ ஒரு கேள்வி. அந்தத் திருகைக் கைக்குப் பதிலா ஒரு மோட்டார் சுத்தினா என்ன ஆகும்? அப்படி மூன்று திருகுகளை இடவலமாக, முன்பின்னாக, மேல்கீழாக வைத்து, நடுவில் மரம் செதுக்கும் ஒரு பிட்டைச் சுழலவிட்டால்? அதுதான் சிஎன்சி ரவுட்டர். கணினி கொடுக்கும் எண்களின்படி தானே நகர்ந்து மரத்தை வெட்டும் இயந்திரம். பட்டறையில் நாமே செய்யக்கூடியது. ஆனால் செய்வது பாதி வேலைதான். அளந்து திருத்துவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

1. எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்தார். வளைந்த வடிவத்தைக் கைக்கணக்கில் சரியாக வெட்டுவது கடினம். வளைவின் மேல் வரிசையாகப் புள்ளிகளைக் கணக்கிட்டு, எண்களைப் பார்த்து மெஷினை நகர்த்தினால் என்ன என்பது அவர் யோசனை. அதை வளர்த்து 1952இல் எம்ஐடி நிறுவனத்தில் மூன்று அச்சில் நகரும் மெஷினை இயக்கிக் காட்டினார்கள். துளையிட்ட காகித நாடாதான் அதற்குக் கட்டளை. கட்டுப்பாட்டுப் பெட்டி முழுக்க வெற்றிடக் குழாய்கள்.

இன்றைக்கு அந்தப் பெட்டியின் வேலையை உள்ளங்கை அளவுள்ள ஆர்டுயினோ ஊனோ பலகை செய்கிறது. 2009இல் நார்வேக்காரர் ஒருவர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த ஜிஆர்பிஎல் என்ற நிரல் அதற்குள் ஓடுகிறது. அந்தப் பலகையின் நினைவகம் எவ்வளவு தெரியுமா? நிரலுக்கு 32 கிலோபைட், வேலை செய்ய 2 கிலோபைட். அவ்வளவுதான்!

2. மெஷினின் உறுப்புகள்

எங்க மாமாவின் மரப்பட்டறையில் செய்த மெஷினையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது வெட்டக்கூடிய பரப்பு 300 × 400 மி.மீ.

உடம்பு: 50 மி.மீ. சதுர இரும்புக் குழாய்கள், வெல்டிங் வைத்தது.
பாலம்: படுக்கைக்குக் குறுக்கே இரண்டு காலில் நிற்கும் பகுதி. இதற்குக் கேன்ட்ரி என்று பேர். பிட் சுழற்றும் மோட்டார் இதில்தான் தொங்குகிறது.
தண்டவாளம்: உருண்டைக் கம்பியும் அதில் ஓடும் பேரிங்கும்.
திருகு: 8 மி.மீ. கனம். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும்.
படி மோட்டார்: சாதாரண மோட்டார் மாதிரி விர்ரென்று சுத்தாது. ஒரு துடிப்பு கொடுத்தால் ஒரு படி. ஒரு படிக்கு 1.8 டிகிரி. அப்போ ஒரு சுற்றுக்கு 360 ÷ 1.8 = 200 படிகள்.
டிரைவர்: ஆர்டுயினோ கொடுக்கும் துடிப்பை மோட்டாருக்கு வேண்டிய மின்சாரமாக மாற்றுவது. ஒரு படியை 8 நுண்படிகளாகவும் பிரிக்கும். ஆக ஒரு சுற்றுக்கு 1600.

இப்போ திருகு அளவிக் கணக்கையே போடுங்க. 1600 நுண்படிகளில் 8 மி.மீ. என்றால் 1 மி.மீ.க்கு 200 நுண்படிகள். ஒரு நுண்படிக்கு 0.005 மி.மீ. இதுதான் இந்த மெஷினின் மீச்சிற்றளவு. நம்ம திருகு அளவியைவிடப் பாதி!

மெஷினோடு பேசும் மொழிக்கு ஜி கோட் என்று பெயர். ஒரு சதுரம் வெட்டச் சொல்வது இப்படித்தான்:

ஜி21 (அளவெல்லாம் மி.மீ.)
ஜி90 (எல்லா அளவும் தொடக்கப் புள்ளியிலிருந்து)
ஜி0 இசட்5 (பிட்டை 5 மி.மீ. மேலே தூக்கு)
ஜி0 எக்ஸ்0 ஒய்0 (தொடக்கப் புள்ளிக்குப் போ)
எம்3 எஸ்12000 (பிட்டைச் சுழற்று)
ஜி1 இசட்-1 எஃப்200 (மெதுவாக 1 மி.மீ. இறங்கு)
ஜி1 எக்ஸ்50 எஃப்1200
ஜி1 ஒய்50
ஜி1 எக்ஸ்0
ஜி1 ஒய்0
ஜி0 இசட்5 (மேலே வா)
எம்5 (நிறுத்து)

ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாக நகர். ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போ. எஃப் என்பது நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. என்கிற வேகம். பார்த்தீர்களா, ஆயத்தொலைவுகள் பாடம்தான்!

3. முதல் சோதனையில் வந்த சிக்கல்

மீச்சிற்றளவு 0.005 மி.மீ. இருக்கே, அப்புறம் என்ன, வெட்டினா அச்சு பிசகாம வரும்னுதானே தோணுது? வரவில்லை.

மாமாவுக்குத் தேக்குப் பலகையில் பெயர்ப்பலகை செதுக்கித் தரச் சொல்லி ஒரு வேலை வந்திருந்தது. பலகை வாடிக்கையாளர் கொடுத்தது. எழுத்து பிசகினால் வேறு பலகை கிடையாது. அதனால் முதலில் கழிவு எம்டிஎஃப் துண்டுகளில் 100 மி.மீ. சதுரம் மூன்று வெட்டிப் பார்த்தோம். மூன்றுக்கும் கட்டளையில் கொடுத்த அளவு ஒன்றே. ஒரு இழுப்புக்கு எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் மாற்றினோம். டிஜிட்டல் வெர்னியரில் அளந்தபோது:

1 மி.மீ. ஆழம்: 99.9 மி.மீ.
2 மி.மீ. ஆழம்: 100.3 மி.மீ.
3 மி.மீ. ஆழம்: 100.7 மி.மீ.

"மோட்டாருக்குப் பவர் பத்தல மாப்ள, பெரிய மோட்டாரா மாத்திடலாம்" என்றார் மாமா. வெல்டிங் வைத்த அண்ணனோ, "கம்ப்யூட்டர்ல ஒரு நம்பரை மாத்தினா சரியாப் போயிடும்" என்றார். எது சரி?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடத்தை ஞாபகப்படுத்திக்கங்க. துல்லியம் வேறு, நுட்பம் வேறு. 0.005 என்பது மெஷின் எவ்வளவு சின்னதாக நகர முடியும் என்பது மட்டுமே. நகர்ந்த இடம் சரியான இடமா என்பது தனிக் கேள்வி. பிழையிலும் இரண்டு வகை உண்டு. திருகு அளவியின் சுழிப்பிழை எப்போதும் ஒரே அளவாக இருக்கும். அதனால் கழித்துவிடலாம். ஆனால் இங்கே ஆழம் மாறமாற பிழையும் மாறுகிறது. எந்த எண்ணைக் கழிப்பது? 1 மி.மீ. ஆழத்துக்குச் சரிசெய்தால் 3 மி.மீ. ஆழத்தில் தப்பாகும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி இது: மாறாத பிழையை எண்ணால் திருத்தலாம். மாறும் பிழையை இரும்பால்தான் திருத்தணும். அதனால் திருத்தும் வரிசையும் முக்கியம். முதலில் விறைப்பு, பிறகு மூலை, பிறகு நட்டு, எண் கடைசியில்.

4. விறைப்பு

ஆழமாக வெட்டும்போது மரம் பிட்டைத் தள்ளுகிறது. தள்ளும்போது மெஷின் வளைகிறது. எவ்வளவு வளைகிறது? இதற்கு ஆய்வகச் சாமான் போதும். பிட் மோட்டாரில் சுருள்வில் தராசை மாட்டிப் பக்கவாட்டில் 5 கிலோ காட்டும்வரை இழுத்தோம். எதிர்ப்பக்கம் டயல் கேஜ். முள் 0.5 மி.மீ. காட்டியது. 5 கிலோ எடை என்பது சுமார் 49 நியூட்டன். ஆக 1 மி.மீ. வளைக்கச் சுமார் 98 நியூட்டன் போதும். மரம் வெட்டும் மெஷினுக்கு இது ரொம்பக் குறைவு.

டயல் கேஜை ஒவ்வொரு இடமாக மாற்றி மாற்றி வைத்தபோது, படுக்கை அசையவில்லை, கால்கள் அசையவில்லை, பாலத்தின் நடுக்குழாய்தான் முறுக்கிக்கொள்கிறது என்று தெரிந்தது. பெரிய மோட்டார் வாங்கியிருந்தால் அதன் எடையும் இந்தக் குழாய் மேலேயே ஏறியிருக்கும்! மோட்டார் வாங்கும் யோசனை அதோடு நின்றது. பாலத்தில் இரண்டாவது குழாய் ஒன்றைச் சேர்த்துப் பின்பக்கம் தகடு வைத்து இறுக்கினோம். அதே 5 கிலோவுக்கு 0.2 மி.மீ. ஆனது.

இங்கே மனப்பாடம் பண்ண வேண்டிய மூன்று விஷயங்கள்:

(அ) ஒரு முனை பிடித்து மறுமுனை நீட்டிய தண்டு, நீளத்தின் முப்படியைப் பொறுத்து வளையும். பிட் 40 மி.மீ. நீட்டியிருப்பதை 20 ஆக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்கு. காசே செலவில்லை!
(ஆ) உருண்டைத் தண்டின் விறைப்பு விட்டத்தின் நாற்படி. 3 மி.மீ. பிட்டுக்குப் பதில் அதே நீளத்தில் 6 மி.மீ. பிட் போட்டால் 16 மடங்கு விறைப்பு.
(இ) சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் முப்படி. வீட்டுக் கூரையில் உத்திரத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைப்பது இதற்குத்தான்.

5. மூலை

அடுத்த கேள்வி: எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் உண்மையிலேயே 90 டிகிரியா? மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் சின்ன மூலைமட்டத்தில் சின்னப் பிழை தெரியாது. பித்தாகரஸைக் கூப்பிடுவோம்.

300 × 400 செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் சின்னத் துளை போடச் சொன்னோம். மூலைவிட்டம் இரண்டும் 500 வரவேண்டும் (3, 4, 5 கணக்குத்தான்). இரும்பு ஸ்கேலில் வந்தது ஒன்று 501.5, மற்றது 498.5. வித்தியாசம் 3 மி.மீ. செவ்வகம் இணைகரம் ஆகிவிட்டது!

எவ்வளவு சாய்ந்திருக்கிறது? பாலம் 300 மி.மீ. போவதற்குள் முன்பக்கமாகச் சுமார் 1.9 மி.மீ. விலகுகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்க. 300இன் வர்க்கத்தோடு 401.9இன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 501.5. பொருந்துகிறது. பாலத்தின் இரண்டு கால்களுக்கும் இடைவெளி 400 மி.மீ. 300க்கு 1.9 என்றால் 400க்குச் சுமார் 2.5. ஒரு காலின் போல்ட்டுகளைத் தளர்த்தி 2.5 மி.மீ. பின்னுக்கு நகர்த்தி இறுக்கினோம். மறுபடி துளை போட்டு அளந்தபோது வித்தியாசம் அரை மி.மீ.க்குள் வந்துவிட்டது.

பக்கங்களை மட்டும் அளந்திருந்தால் இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்காது. இணைகரத்திலும் எதிர்ப்பக்கங்கள் சமம்தானே!

6. படுக்கை

படுக்கையின் மேல் ஒரு எம்டிஎஃப் பலகையைத் திருகி, அகலமான பிட் போட்டு மேற்பரப்பு முழுவதையும் அரை மி.மீ. வழிக்கவிட்டோம். மெஷின் தன் படுக்கையைத் தானே இழைத்துக்கொள்கிறது! அதற்கப்புறம் பலகை தண்டவாளத்துக்கு இணையாகிவிடும்.

வழித்த பரப்பை விரலால் தடவிப் பாருங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் படிக்கட்டு மாதிரி வரப்பு தட்டுப்பட்டால் பிட் நேராக நிற்கவில்லை, சாய்ந்து நிற்கிறது என்று பொருள். மோட்டாரைப் பிடிக்கும் தகட்டுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்துச் சரிசெய்யலாம். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரணத் தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. பட்டறையில் இதைவிட மலிவான அளவுகோல் உண்டா?

7. நட்டு

திருகு அளவியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பினால், தலை கொஞ்சம் சுத்தும், முனை நகராது. திருகுக்கும் நட்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியே காரணம். அதனால்தான் எப்போதும் ஒரே திசையில் சுற்றி அளவெடுக்கச் சொல்கிறார்கள். சிஎன்சியில் இதற்கு பேக்லாஷ் என்று பேர்.

கண்டுபிடிப்பது சுலபம். வட்டம் வெட்டச் சொல்லுங்க. வட்டத்தின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில்தான் ஏதாவது ஒரு அச்சு திசை திரும்புகிறது. அந்த நான்கு இடத்திலும் தட்டையாகவோ சின்ன முடிச்சாகவோ தெரிந்தால் பேக்லாஷ் இருக்கு. டயல் கேஜில் 0.18 மி.மீ. காட்டியது. நடுவில் சுருள்வில் வைத்த இரட்டை நட்டு போட்டோம். வில் இரண்டு நட்டையும் எதிரெதிராகத் தள்ளி இடைவெளியை மூடிவிடும். 0.03 ஆனது.

இதையும் நிரலில் எண் கொடுத்துச் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். சில நிரல்களில் வசதி உண்டு. ஆனால் இடைவெளி இருக்கும்வரை, வெட்டும் விசை பிட்டை அந்த இடைவெளிக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும்.

8. கடைசியில் எண்

இப்போதுதான் எண்ணுக்கு வேலை. 120 மி.மீ. நகரச் சொன்னோம். வெர்னியரில் 119.88. மறுபடி மறுபடி அளந்தாலும், ஆழத்தை மாற்றினாலும் இதே விகிதம். மாறாத பிழை! திருகின் புரி இம்மியளவு குறைவு, அவ்வளவுதான்.

புதிய எண் = பழைய எண் × சொன்ன தூரம் ÷ நகர்ந்த தூரம்
= 200 × 120 ÷ 119.88 = 200.2

ஜிஆர்பிஎல்லில் எக்ஸ் அச்சுக்கு 100ஆம் அமைப்பு, ஒய்க்கு 101, இசட்டுக்கு 102. ஒவ்வொரு அச்சையும் தனித்தனியே அளந்து எழுத வேண்டும். எவ்வளவு நீளமாக அளக்கிறோமோ அவ்வளவு நல்லது. எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து அளக்கணும்.

அதன்பின் வெட்டிய 100 மி.மீ. சதுரங்கள் 1, 2, 3 மி.மீ. ஆழத்தில் முறையே 100.0, 100.1, 100.2. ஒரு இழுப்புக்கு 1 மி.மீ. ஆழம் என்று முடிவு செய்து, அதன் பிறகே தேக்குப் பலகையைப் படுக்கையில் வைத்தோம். எழுத்துகள் சுத்தமாக விழுந்தன. 'ழ'வின் வளைவில் உப்புத்தாள் போடவேண்டிய தேவைகூட வரவில்லை.

9. வேகம்: மெதுவாப் போனா நல்லதா?

பலர் அப்படித்தான் நினைக்கிறோம். கணக்கைப் பாருங்க. பிட் நிமிடத்துக்கு 12,000 சுற்று. அதற்கு 2 வெட்டு விளிம்புகள். ஒவ்வொரு விளிம்பும் 0.05 மி.மீ. கனத்துக்கு மரத்தைச் சீவ வேண்டும். வேகம் = 12,000 × 2 × 0.05 = நிமிடத்துக்கு 1200 மி.மீ. இதை 200 ஆகக் குறைத்தால் விளிம்பு மரத்தைச் சீவாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. மரம் கருகும், பிட் மழுங்கும். சீவல் வந்தால் சரி. மாவு மாதிரித் தூள் வந்தால் வேகம் போதவில்லை.

10. பத்திரம்!

• கண்ணாடி கட்டாயம். பிட் உடைந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.
• சுழலும் பிட் பக்கத்தில் கையுறை போடக் கூடாது. நூல் மாட்டினால் கையையே இழுத்துவிடும். சட்டைக் கையை மடித்துவிடுங்க, தலைமுடியைக் கட்டிக்கங்க.
• அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும்.
• மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. முகமூடியும் தூள் உறிஞ்சியும் ஆடம்பரம் இல்லை.
• பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் மெஷினை ஓட்டாதீங்க.

உங்களுக்குத் தெரியுமா?

2011இல் எட்வர்ட் ஃபோர்டு என்ற அமெரிக்கர், வீட்டிலேயே பூட்டக்கூடிய ஷேப்போக்கோ என்ற சிறிய ரவுட்டரை மக்களிடம் நிதி திரட்டி வெளியிட்டார். வரைபடம் எல்லோருக்கும் திறந்திருந்தது. வாங்கியவர்களே தங்கள் மெஷினைத் திருத்தத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்த பாலத்துக்கு இரண்டு பக்கமும் மோட்டார் வைத்தார்கள். பாலத்தின் சட்டத்தைப் பலப்படுத்தினார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் அந்தத் திருத்தங்கள் இடம்பிடித்தன. அங்கேயும் முதலில் கவனித்தது விறைப்பைத்தான்!

செய்து பாருங்க

ஆய்வகத்துத் திருகு அளவியை ஒரு கம்பியில் வலப்பக்கமாகச் சுற்றி அளவெடுங்க. பிறகு கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, அதே கம்பியில் மறுபடி அளவெடுங்க. பத்து முறை. பத்தும் ஒரே அளவா? வேறுபாடு மாறாததா, மாறுவதா? எழுதி வாங்க, பேசுவோம்.

சிந்திக்க

1. மேலே உள்ள ஜி கோட் 50 மி.மீ. சதுரத்தின் மேல் பிட்டின் நடுப்புள்ளியை நடத்துகிறது. பிட்டின் விட்டம் 3 மி.மீ. பலகை முழுக்க வெட்டுப்பட்டால் கையில் கிடைக்கும் சதுரத்தின் பக்கம் எவ்வளவு?
2. ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. மட்டும் நகர்த்தும் திருகு போட்டால் 1 மி.மீ.க்கு எத்தனை நுண்படிகள்? மெஷின் வேகமாகப் போகுமா, மெதுவாகவா?
3. மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக 501 மி.மீ. வந்தால் எதைத் திருத்துவீர்கள், இரும்பையா எண்ணையா?

விடைகளை உங்கள் வகுப்பு எண்ணோடு ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த தாளில்!